பதினேழாவது கிணற்றின் தண்ணீர்

இந்தத் தம்ளரை மட்டும் ஒருமுறை கழுவித் தரச் சொல்லுங்கள். விளிம்பில் யாருடைய வாயோ பட்ட தடம் அப்படியே இருக்கிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிற இடம், யாராவது அவசரத்தில் ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எனக்குத்தான் இந்த விஷயத்தில் வயிறு ஒத்துழைக்காது.

நகரத்துக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். நாலு லட்சம் பேர் வாயில் வைக்கிற தண்ணீரைத் தினமும் காலையில் முதலில் சந்தேகப்பட்டவன். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினால் எந்தத் தொட்டியின் தண்ணீர், தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவேன். என் மனைவி நாலு பேர் முன்னால் கிண்டல் செய்வாள், "இவருக்கு நாக்குல மீட்டர் வச்சுத் தைச்சிருக்கு" என்று. கல்யாண வீடுகளுக்கு நான் என் தம்ளரைக் கையோடு கொண்டுபோவேன். அதற்காக அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு விஷயமாக என்னைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். எங்கள் சபையின் கிணறு நிதியில் ஒரு பைசாவை நான் தொட்டதில்லை. கசங்கிய நோட்டுகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் பொறுப்பு தண்ணீர் மட்டும்தான்.

வெளிநாட்டுக் கிராமங்களில் கிணறு தோண்டிக் கொடுக்கிற ஊழியம் எங்கள் சபையில் இருபது வருடமாக நடக்கிறது. பேச்சுக்குத்தான் கிணறு. உண்மையில் அது ஆழ்துளைக் குழாய், மேலே ஓர் அடிபம்பு, சுற்றிலும் ஒரு சிமென்ட் மேடை. வருடத்துக்கு ஒருமுறை 'கிணறு ஞாயிறு' வைத்துப் பணம் திரட்டுவோம். காலையில் ஆராதனை, பிறகு கூடத்தில் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது. பரிமாறிய கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏழைங்க பாவம்" என்று கண் கலங்குகிற கூட்டம். நடுவில் ஒரு மேஜையில் பெரிய கண்ணாடி ஜாடி இருக்கும். அதில் கலங்கல் தண்ணீர். 'இதைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள்' என்று ஓர் அட்டை. எல்லாரும் வரிசையாக வந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, உண்டியலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த ஜாடியைத் தயார் செய்வது நான்தான். சபைச் சமையலறைக் குழாயில் ஐந்து லிட்டர் பிடித்து, பின்பக்கத்துப் பூந்தொட்டி மண் மூன்று கரண்டி, காபித்தூள் ஒரு சிட்டிகை, மேலே கொஞ்சம் காய்ந்த இலை. காபித்தூள் போடாவிட்டால் நிறம் எடுபடாது. ஒரு வருடம் மண்ணைக் குறைத்துப் போட்டேன், அந்த வருடம் வசூலும் குறைந்தது. போதகரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தத் தடவை ஜாடி சரியா அமையலையோ?" என்றார். அவர் நல்ல மனிதர்தான். அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கவே கூசியது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கிணற்றுக்கு முன்னால் கல் வந்துவிடும். யார் நினைவாகக் கிணறோ அவர் பெயரைக் கல்லில் வெட்டி, பீடத்தில் வைத்து, ஜெபம் செய்து, பாட்டுப் பாடி, பிறகுதான் கப்பலில் அனுப்புவோம். அங்கே குழாய் இறக்குகிறவர் மேடை போடும்போதே கல்லைச் சிமென்டோடு சேர்த்துப் பதித்துவிடுவார். தண்ணீரைச் சோதிப்பது அதற்குப் பிறகு. எந்தப் பரிசோதனைக்கூடத்து ஆளும் இந்த வரிசையைக் கேட்டால் சிரிப்பான். நானும் கமிட்டியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "கல்லை முன்னாடி வச்சாத்தான் ஜனங்க மனசு இளகும்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பதினேழாவது கல் என் மனைவியுடையது.

அவள் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். கடைசியில் தன் வளையல்களைக் கழற்றி என் கையில் வைத்து, "இதை வித்து ஒரு கிணறு. என் பேர்ல. தண்ணி நல்லா இருக்கான்னு நீங்களே பாருங்க" என்றாள். ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த எட்டு மாதமும் நான் அவளை அதிகம் தொடவில்லை. அந்த அறையின் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருமகள்தான் எல்லாம் பார்த்தாள். அதனால் கல்லையாவது குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளைக் கல், ஆழமாக வெட்டிய எழுத்து. பீடத்தில் வைத்தபோது சபையே எழுந்து நின்றது. என் பேத்திக்கு அப்போது ஒரு வயது. மருமகள் இடுப்பிலிருந்து எட்டி அந்தக் கல்லைத் தடவியது.

ஐந்து மாதம் கழித்து தண்ணீர் பாட்டில் வந்தது. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் இரண்டு லிட்டர் அனுப்புவார்கள். நான் வீட்டில் சின்ன அளவில் சோதித்துப் பார்த்துவிட்டு வாரியத்துக் கூடத்துக்கு எடுத்துப் போவேன். என் இடத்துக்கு வந்தவன் எனக்குக் கீழே வேலை கற்றவன், எனக்காக இலவசமாகச் செய்து சான்றிதழ் அடித்துத் தருவான். பதினாறு தடவை அப்படித்தான் நடந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்தேன். பார்வைக்கு அருமையான தண்ணீர். குளிர்ச்சி, தெளிவு, வாடையே இல்லை. ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் காகிதத் துண்டு உண்டு. இல்லையென்றால் அது வெள்ளையாகவே இருக்கும், கொஞ்சம் இருந்தால் மஞ்சளாகும். இருபது நிமிடத்தில் என் காகிதம் கரும்பழுப்பாகிவிட்டது. கூட வந்த நிற அட்டையில் வைத்துப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. இது முந்நூறுக்கும் மேலே. இரண்டாவது தடவை செய்தேன், அதே நிறம். ஆர்செனிக் என்றால் உங்களுக்குப் புரியாமல் போகலாம். பாஷாணம் என்றால் புரியும்.

நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு வேலை. அங்கே ஒரு தகவல் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இப்படிப்பட்ட பம்புக்கு அந்தப் பக்கங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், யாரும் குடிக்கக் கூடாது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிவதற்காக. மேடையில் கல். கல்லில் என் மனைவி பெயர். அதற்கு மேலே ரத்தச் சிவப்பில் ஒரு பம்பு. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப்போகும். என்னால் அதை மனதில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். மூன்று தடவை அலசினேன். எங்கள் வீட்டுக் குழாயில் நிரப்பினேன். மறுநாள் வாரியத்தில் கொடுத்தேன்.

சான்றிதழ் பிரமாதமாக வந்தது. வராமல் எப்படிப் போகும், நான் முப்பத்தோரு வருடம் பார்த்துப் பார்த்து வைத்த தண்ணீர். அதைச் சட்டம் போட்டுச் சபைக்கூடத்தின் சுவரில் மற்றப் பதினாறோடு மாட்டினோம். அதில் ஒன்பதாவது வரியை நான் கவனிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் தினமும் பார்த்துப் பழகிய வரி, பழகிய எண், அதனால் கண்ணில் உறைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நான் கவனித்திருக்க வேண்டும்.

நீங்கள் என்னை மிருகம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் எல்லாவற்றையும் யோசித்தேன். அந்த ஊரில் முன்பு குளத்துத் தண்ணீர் குடித்தார்கள். அதில் மாடு குளிக்கும். வாந்தி பேதியில் வருடத்துக்கு எத்தனை குழந்தை போயிருக்கும். பாஷாணம் அப்படி அவசரப்படாது, நிதானமாகத்தான் வேலை செய்யும். ஐந்து வருடம், பத்து வருடம் ஆகும். அதற்குள் வேறு யாராவது வேறு கிணறு போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மொத்தம் நூற்று நாற்பது வீடுகள். இதெல்லாம் அந்த ஒரு மதியத்திலேயே யோசித்து முடித்தாயிற்று. பிறகு யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

வருடா வருடம் புகைப்படம் வந்தது. அந்தக் கல்லைத் தினமும் காலையில் ஒரு பெண் துடைத்து வைத்தாள். பம்புக்கு அடுத்த வீடு, நடுத்தர வயது. ஒவ்வொரு படத்திலும் ஈரத்துணியோடு கல்லுக்குப் பக்கத்தில் நிற்பாள். கல் பளபளவென்று இருக்கும். அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு துடைக்கிறவன்கூட அப்படித் துடைக்க மாட்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் சபையிலிருந்து ஒரு நர்ஸ் அந்த ஊருக்கு வேலைக்குப் போனாள். பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுக்கிற தையல்காரரின் மகள். ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவள். சின்ன வயதில் நகம் கடிப்பாள், அதற்காக அவளை நான் தனியாக உட்கார வைத்திருக்கிறேன். போய் ஒரு வருடத்தில் எனக்கு எழுதினாள். ஊரில் பலருக்கு மார்பில் கரும்புள்ளிகள், உள்ளங்கையும் பாதமும் காய்த்துப்போகின்றன, தண்ணீராக இருக்குமா அங்கிள், உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை என்று. கூடவே ஒரு படம் வைத்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகள். தோலில் கூழாங்கல் முளைத்தாற்போல் திட்டுத் திட்டாக, நடுவில் வெடித்து, வெடிப்பில் சீழ் கட்டி. அந்தத் துடைக்கிற பெண்ணின் கைகள் என்று பின்னால் எழுதியிருந்தாள். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

பதில் எழுதினேன். தண்ணீர் சோதித்தது, சான்றிதழ் இருக்கிறது, சத்துக்குறைவாக இருக்கலாம், எதற்கும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல் என்று எழுதினேன். பாஷாணம் கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு யோசனை சொல்லாமல் கடிதத்தை முடித்தால் மரியாதையாக இருக்காது. அவள் அதை அப்படியே கேட்டு, வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைக்கச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒரு பாட்டில் அனுப்பினாள். அதைச் சோதிக்காமலே தொட்டியில் கொட்டிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

போன மாதம் விடுமுறையில் வந்தாள். ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் சுவர் ஓரமாக நின்று சான்றிதழ்களைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆள் இளைத்திருந்தாள். நகம் இன்னும் கடிக்கிறாள்.

"அங்கிள், இது ஆன்ட்டி கிணத்தோட ரிப்போர்ட்தானே?"

"ஆமாம்மா."

"ஒன்பதாவது வரியில எச்சக் குளோரின் பூஜ்யம் புள்ளி ரெண்டுன்னு இருக்கே."

"இருக்கும்."

"அந்த ஊர்ல குளோரின் போட ஆளே கிடையாது அங்கிள். பூமிக்குள்ளேருந்து அடிச்சு எடுக்கிற தண்ணிக்குக் குளோரின் எப்படி வந்துச்சு?"

நகரத்துக் குழாயில்தான் குளோரின் இருக்கும். தொட்டியில் கலப்பது வீடு வந்து சேரும்போது கொஞ்சம் மிச்சமிருக்கும், அதுதான் அந்தப் பூஜ்யம் புள்ளி இரண்டு. அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வாழ்நாள் வேலை. மற்றப் பதினாறு சட்டத்திலும் அந்த வரியில் வெறும் பூஜ்யம். ஆறு வருடமாக அந்த எண் எல்லார் தலைக்கு மேலேயும் தொங்கியிருக்கிறது.

"டைப் அடிச்சவன் கை தவறியிருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, "கல்லைத் துடைப்பாங்களே, அந்த அம்மா. அவங்க ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இறந்துட்டாங்க அங்கிள். கை அழுகிப்போச்சு. கடைசியில புத்துநோயாயிடுச்சு" என்றாள்.

"அடடா" என்றேன். "அப்ப கல்லை இப்ப யார் துடைக்கிறா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நியாயமான கேள்விதான் அது. ஆள் இல்லையென்றால் பாசி பிடித்துவிடும், வெள்ளைக் கல்.

அதற்கு அடுத்த வாரம் கிணறு ஞாயிறு. ஜாடியை வழக்கம்போல் தயார் செய்து வைத்தேன். நர்ஸை மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அவள் பேசவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது பதினேழாவது கிணத்துத் தண்ணி. ஆன்ட்டி பேர்ல இருக்கிற கிணறு. நம்ம அங்கிள் ஒரு வாய் குடிச்சுத் தொடங்கி வைக்கணும்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். போதகர் உருகிவிட்டார். திருவிருந்துக் கிண்ணங்களை எடுத்துவரச் சொல்லி, "குடும்பமா வாங்க, எல்லாருமா குடிங்க" என்று அவரே ஊற்றத் தொடங்கினார். நர்ஸ் தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகன் வந்தான், மருமகள் வந்தாள். பேத்திக்கு இப்போது ஏழு வயது. "பாட்டியோட தண்ணி" என்று சொல்லிக்கொண்டு முந்தி ஓடிவந்து ஒரு கிண்ணத்தை எடுத்தது. இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

என் கை போய்த் தட்டிவிட்டது. கிண்ணம் தெறித்து மேஜைக் காலில் மோதி உடைந்தது. தட்டிய வேகத்தில் அதன் விளிம்பு குழந்தையின் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அழக்கூட இல்லை, என்னைப் பார்த்தபடியே நின்றது.

மகன்தான் கேட்டான். "அப்பா, அந்தத் தண்ணியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் ஆகாதுடா" என்றேன். "ஒரு கிண்ணத்துல ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா குடிச்சாத்தான்."

மேஜையில் இருந்த மைக் அணைக்காமல் இருந்திருக்கிறது. நான் சொன்னது வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்வரை கேட்டதாம். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போய் வாயைக் கழுவிவிட்டாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். என் மனைவியை எட்டு மாதம் கழுவியவள் அவள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். பதினேழாவது கிணற்றில் பாஷாணம் இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். பாட்டிலை மாற்றியது நான். நர்ஸ் அனுப்பிய இரண்டாவது பாட்டிலைக் கொட்டியதும், கொதிக்கவைக்கச் சொல்லி எழுதியதும் நான்தான். வீட்டைச் சோதனை போட்டபோது என் மனைவியின் வேதப்புத்தகத்துக்குள் நீங்கள் கண்டெடுத்த அந்தப் பழுப்புச் சோதனைக் காகிதத்தில் தேதி போட்டிருப்பது என் கையெழுத்து. எந்த முடிவையும் தூக்கிப்போடக் கூடாது என்பது பரிசோதனைக்கூடப் பழக்கம். அதனால் வைத்திருந்தேன். நூற்று நாற்பது வீட்டு ஆட்கள் ஆறு வருடம் குடித்தார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

நர்ஸ் அன்று கொண்டுவந்தது கிணற்றுத் தண்ணீரே இல்லை, சபைச் சமையலறைக் குழாயில் பிடித்தது என்று இப்போது சொல்கிறீர்கள். அசல் பாட்டிலை உங்களிடம் முன்னாலேயே கொடுத்துவிட்டாளாம். கெட்டிக்காரப் பெண். என் ஜாடிக்கும் அதே குழாய்தான். பரவாயில்லை.

ஆனால் நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். ஒரு கிண்ணத்தில் ஒன்றும் ஆகாது என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவன் ஏன் குழந்தையின் கையைத் தட்டிவிட்டான் என்று. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கிண்ணங்களைச் சபையில் யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை. அடியில் திராட்சை ரசம் காய்ந்து ஒட்டியிருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். அதில்போய் ஒரு குழந்தை வாய் வைப்பதா? அதனால்தான் தட்டினேன். வேறு காரணம் எதுவும் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.